சட்டப் பட்டம் முடித்து மலையகத்திலேயே தொழில் தொடங்கலாமா? இந்த நெருக்கடியில் வழி சொல்லுங்க

கேள்வி: தலவாக்கலை வாசி

வணக்கம் அண்ணன்மார், அக்காமார். எல்எல்பி முடிச்சாச்சு. சட்டக்கல்லூரி இறுதிப் பரீட்சையும் எழுதிட்டேன். அடுத்தது ஆறு மாத பயிலுநர் காலம். கொழும்பில் ஒரு வங்கியின் சட்டப் பிரிவில் சேரலாம் என்பதுதான் ஆரம்பத் திட்டம். ஆனால் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அந்தப் பக்கம் கதவு சாத்தியே கிடக்குது. வீட்டில் அரசாங்க வேலை வரும்வரை பொறு என்கிறார்கள்.

சம்பள வேலைக்குக் காத்திருப்பது சரியா? பயிலுநர் காலத்தை ஹட்டன், நுவரெலியா பக்கம் செய்யலாமா, கொழும்புக்கே போய்விட வேண்டுமா? மலையகக் கோர்ட்டுகளில் ஒரு ஜூனியர் எந்த வழக்குகளை வைத்துக் காலூன்ற முடியும்? சிங்களம் நன்றாகப் பேசுவேன், கையெழுத்தில் இருந்தால் வாசிக்கத் திணறுவேன். தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் பெரிய உதவி.

பதில் 1: ஹட்டன் கோர்ட் பக்கம்

தங்கச்சி, காத்திருக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. அதே வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம் வந்தபோது அரச செலவைக் குறைப்பதும் கூடவே வந்தது. அரச ஆட்சேர்ப்பு சுருங்கியது அதனால்தான். சட்டமா அதிபர் திணைக்களம், சட்டவரைஞர் திணைக்களம், சட்ட உதவி ஆணைக்குழு எல்லாம் வெற்றிடம் வரும்போது அறிவிப்பார்கள், விண்ணப்பியுங்க. ஆனால் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்து, கோர்ட்டில் நின்ற காலம்தான் அந்த விண்ணப்பத்துக்கே பலம். வீட்டில் உட்கார்ந்த வருடத்துக்கு எங்கேயும் மதிப்பில்லை.

நெருக்கடியில் வழக்குகள் குறைவதில்லை, வகைதான் மாறும். காணி விற்பனை, புதுக் கம்பனி, கடை வாடகை ஒப்பந்தம் இதெல்லாம் படுத்துவிடும். முச்சக்கர வண்டி லீசிங் தவணை தவறுவது, காசில்லாமல் திரும்பிய காசோலை, தாபரிப்பு வழக்கு (மனைவி, பிள்ளைகளுக்குச் செலவுக் காசு கேட்பது), வேலைநீக்கம், சில்லறைத் திருட்டு, கசிப்பு இதெல்லாம் கூடும். காசோலை விஷயம் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25ஆம் பிரிவில் குற்றமாகவே வருது. தாபரிப்பு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில். இந்த இரண்டு சட்டத்தையும் பயிலுநர் காலம் முடியுமுன் வரிவரியாகப் படித்து வைத்திருங்க. புது சட்டத்தரணியைத் தேடி முதலில் வருவது இவைதான்.

இப்போ சிங்களம். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புறேன். வடக்கு கிழக்குக்கு வெளியே கோர்ட்டின் பதிவு மொழி சிங்களம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி தமிழில் ஆவணம் சமர்ப்பிக்கலாம், தமிழில் பேசலாம், மொழிபெயர்ப்பும் கேட்கலாம். அந்த உரிமையைத் தேவையான இடத்தில் கேட்டே ஆகணும். ஆனால் அன்றாட வேலை உரிமையால் மட்டும் நடக்காது. பொலிஸ் தாக்கல் செய்யும் பீ அறிக்கை சிங்களத்தில், பெரும்பாலும் கையெழுத்தில் வரும். வழக்குக் கூப்பிட இரண்டு நிமிடம் இருக்கும்போது அதை வாங்கி நாலு விஷயத்தைக் கண்ணால் பிடிக்கணும்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, கைது செய்த திகதியும் நேரமும், கைப்பற்றிய பொருளும் அளவும், பிணை கொடுக்கப் பொலிஸ் ஆட்சேபம் எழுதியிருக்கா. பிரிவு இலக்கத்தைத் தப்பாக வாசித்தால் நீதவானிடம் கேட்கக்கூடாத பிணையைக் கேட்டு நிற்பீங்க. கைது நேரத்தைப் பார்க்காவிட்டால் 24 மணித்தியாலம் தாண்டி முற்படுத்தியதைச் சுட்டிக்காட்டும் வாய்ப்பு போய்விடும்.

வாக்குமூலம் இன்னொரு பொறி. தமிழில் சொன்னதைப் பொலிஸில் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டியதாகக் கையெழுத்து வாங்கியிருப்பாங்க. “நான் தள்ளினேன்” என்பது “நான் அடித்தேன்” என்று ஏறியிருக்கும். கட்சிக்காரர் வந்தவுடன் அந்த வாக்குமூலத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லிக் கேளுங்க. எந்த இடத்தில் அவர் தலையை ஆட்டி மறுக்கிறாரோ, குறுக்கு விசாரணை அங்கேதான் தொடங்கும்.

வாசிக்கப் பழக வழி: சீனியரின் அலுவலகத்தில் முடிந்த வழக்குகளின் அத்தாட்சிப்படுத்திய பிரதிகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். தினமும் இரண்டு பக்கம் உரத்து வாசிங்க. வழக்கேட்டில் திரும்பத் திரும்ப வரும் வாசகங்கள் நூறுக்குள்தான் இருக்கும். சிங்களத் தட்டச்சையும் பழகுங்க. நகர்த்தல் பத்திரத்தை (கோர்ட்டுக்கு எழுத்தில் கொடுக்கும் கோரிக்கையை) தானே அடிக்கத் தெரிந்த ஜூனியரை எந்த சீனியரும் விடமாட்டார்.

பிணையாளி விஷயமும் சொல்லிடுறேன், புதியவர்கள் இதில்தான் கட்சிக்காரரைக் கைவிட்டு விடுறாங்க. பிணை கிடைச்சாச்சு, ஆனால் ஆள் வெளியே வரவில்லை. காரணம், பிணையாளியின் கிராம சேவகர் சான்றிதழில் பிரதேச செயலகத்தின் மேலொப்பம் இல்லை, அல்லது அடையாள அட்டையில் மேற்பிரிவு, சான்றிதழில் கீழ்ப்பிரிவு. தோட்ட முகவரியில் இது சர்வசாதாரணம். வெள்ளிக்கிழமை பின்னேரம் இப்படி ஆனால் திங்கள்வரை ரிமாண்ட். ஆகவே கைதான செய்தி வந்தவுடனேயே, பிணை கேட்க முன்னாடியே, இரண்டு பிணையாளிகளின் தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்க.

வருமானத்தை மறைக்காமல் சொல்லணும். பெரும்பாலான இடங்களில் ஜூனியருக்கு நிலையான சம்பளம் கிடையாது. முதல் வருடம் போக்குவரத்துக் காசும் சில ஆஜராதல் கட்டணமும்தான். இந்த நேரத்தில் கட்சிக்காரர்களும் தவணை தவணையாகத்தான் தருவாங்க. குறைந்தது ஒரு வருடச் செலவுக்கு வீட்டில் உள்ளவர்களோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு இறங்குங்க.

பதில் 2: செக்ரோல்

மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் மலையகத்தில் ஒரு தமிழ் இளம் சட்டத்தரணி பெயர் எடுக்கக்கூடிய துறை தொழிற்சட்டம்தான். ஆட்கள் குறைவு, தேவை மலைபோல. தோட்டம் மட்டுமில்லை, ஹோட்டல், ஆடைத் தொழிற்சாலை, கடை, பாதுகாப்புக் கம்பனி எல்லாவற்றிலும் நெருக்கடியில் ஆளை நிறுத்துறாங்க.

முதலில் எந்த வாசலைத் தட்டுவது என்று தெரியணும். பாதிப் பேர் இங்கேதான் தவறுறாங்க.

ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் சொல்லி நீக்கினால், கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31பீ பிரிவின் கீழ் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பம். சேவை முடிந்த திகதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போடணும். சங்கத் தலைவர் பேசிக்கிட்டிருக்கார், தோட்டத் துரை பார்ப்போம் என்றார் என்று ஏழாவது மாதம் வருபவர்கள் ஏராளம். பேச்சுவார்த்தை நடந்தாலும் காலம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் பேசச் சொல்லுங்க.

ஒழுக்காற்றுக் காரணமே இல்லாமல் “வேலை இல்லை, நட்டம்” என்று நிறுத்தினால் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடம், முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஊழியர் என்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்அனுமதியோ ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ இல்லாமல் நிறுத்த முடியாது. இதுக்கு முறைப்பாடு தொழில் ஆணையாளரிடம், தொழில் நியாய சபையில் இல்லை. நட்டஈடு சேவை வருடத்தை வைத்து ஒரு சூத்திரப்படி, உச்சம் 48 மாதச் சம்பளம். இங்கே பெரிய ஆபத்து அந்தச் ‘சம்மதம்’. வெற்றுத் தாளிலோ சிங்களத்தில் அடித்த கடிதத்திலோ கையெழுத்து வாங்கி, தானாக விலகியதாகக் காட்டுவாங்க. முதல் சந்திப்பிலேயே கேளுங்க: கடைசி நாள் எதில் கையெழுத்து வைத்தீங்க, யார் பக்கத்தில் இருந்தாங்க, பிரதி தந்தாங்களா.

பணிக்கொடை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருடம் பூர்த்தியானால் போதும், விலகினாலும் ஓய்வு பெற்றாலும் இறந்தாலும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் கூலி, கடைசியாகப் பெற்ற வீதப்படி. 22 வருடம், நாட்கூலி 1,350 ரூபா என்றால் 22 × 14 × 1,350, அதாவது 4,15,800 ரூபா. சேவை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்கணும், தவறினால் தாமதத்தின் நீளத்தைப் பொறுத்து 10 முதல் 30 வீதம் வரை மேலதிகமாகச் சேரும். 15 பேரும் அதற்கு மேலும் உள்ள இடமானால் கோரிக்கை தொழில் திணைக்களத்துக்கு. அதற்குக் குறைந்த சின்ன இடமானால்தான் தொழில் நியாய சபை. வாசல் மாறிப் போட்டால் ஒரு வருடம் வீணாகும்.

கணக்கில் தகராறு வரும் இடம் சேவைக்காலம். 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனபோது நிர்வாகம் மாறியது, அதுக்குப் பிறகும் சில இடங்களில் மாறியது. “எங்களிடம் இத்தனை வருடம்தான்” என்பது வழமையான பதில். செக்ரோல் (தோட்டத்து வரவுப் பதிவேடு) பிரதி, சம்பளச் சீட்டு, சேமலாப நிதி அங்கத்தவர் இலக்கம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் தொழில் என்று எழுதியிருப்பது வரை எல்லாவற்றையும் சேர்க்கணும்.

சேமலாப நிதியில் ஊழியர் 8, தொழில் வழங்குநர் 12 வீதம், நம்பிக்கை நிதி தனியாக 3 வீதம். காசு முடங்குவது பெரும்பாலும் பெயரால். தோட்டப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, பிறப்பத்தாட்சியே இல்லை, அல்லது தகப்பன் பெயர் மாறிக் கிடக்கும். இருவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுப்பது சின்ன வேலை மாதிரி தெரியும். ஆனால் அதில் மூன்று மொழியிலும் ஒவ்வொரு ஆவணத்திலும் பெயர் எப்படி எழுத்துக்கூட்டியிருக்கோ அப்படியே, ஆவண இலக்கத்தோடு எழுதணும். பொதுவாக “வேறு பெயர்களாலும் அழைக்கப்படும்” என்று போட்டால் திருப்பி அனுப்புவாங்க. வயசானவங்க மூன்று தரம் பஸ் ஏறி அலையிறது நம்ம கவலையீனத்தாலே நடக்கக்கூடாது.

இப்போ கூடி வரும் இன்னொன்று: தொழிலாளருக்குத் தேயிலைத் துண்டைப் பிரித்துக் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கும் முறை. கொடுத்த நாளிலிருந்து சேமலாப நிதி நின்றுவிடும், அவர் ஊழியரே இல்லை என்பாங்க. உரம் யார் தருவது, எப்போ பறிக்கணும் என்று யார் சொல்வது, கொழுந்தை வேறு தொழிற்சாலைக்குக் கொடுக்க முடியுமா என்ற கேள்விகளுக்கு வரும் பதிலில்தான் அவர் ஊழியரா இல்லையா என்பது தங்கியிருக்கு. கொழுந்து எடை போட்ட சீட்டுகளைத் தூக்கி எறியாமல் வைக்கச் சொல்லுங்க.

பதில் 3: கண்டி நொத்தாரிசு

நொத்தாரிசு வேலையை, அதாவது காணி உறுதிப் பத்திரம் எழுதுவதை, நம்பி இந்தக் காலத்தில் இறங்காதீங்க, ஆனால் நியமனத்தை மட்டும் தள்ளிப் போடவும் வேண்டாம். காணிச் சந்தை விழுந்தால் முதலில் அடிபடுவது இதுதான். 50 இலட்ச ரூபா காணிக்கு முத்திரை வரி மட்டும் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மிச்சத்துக்கு 4 வீதமும், மொத்தம் 1,99,000 ரூபா. கையில் காசில்லாத வாங்குநர் அதைப் பார்த்தே பின்வாங்குவார், அல்லது பெறுமதியைக் குறைத்து எழுதச் சொல்வார். எழுதாதீங்க.

மலையகத்தில் மூன்று பொறி. லயக் காணியும் தோட்டக் காணியும் அரச காணி, கம்பனிகளுக்கு 1992இலிருந்து 53 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. அதில் கட்டிய வீட்டை விற்கிறேன் என்று கையெழுத்துக் கடிதத்தோடு வருவாங்க, அதை உறுதிப் பத்திரமாக எழுதி முடிக்க வழியில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் நொத்தாரிசையும் இரண்டு சாட்சிகளையும் கேட்குது, ஆனால் இல்லாத உரித்தை நொத்தாரிசின் கையெழுத்து உண்டாக்காது. இரண்டாவது, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அளிப்புக் காணிகள். பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. மூன்றாவது மண்சரிவு. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் கட்டுவதற்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேணும். வீடு கட்டவே முடியாத சரிவை வாங்கிக் கொடுத்துவிட்டு நிற்காதீங்க.

காணிப் பதிவகத்தில் ஏடு பார்ப்பதை ஆளுக்கு விடாமல் தானே பாருங்க. உறுதிகளின் இரண்டாம் பிரதியும் மாதாந்தப் பட்டியலும் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்குப் போகணும். ஒரு உறுதிகூட எழுதாத மாதத்திலும் இந்தத் திகதி மனதில் இருக்கட்டும்.

தலவாக்கலை வாசி

எல்லோருக்கும் நன்றி. செக்ரோல் அண்ணா, ஒரு சந்தேகம். தொழில் நியாய சபையில் சங்கப் பிரதிநிதியே ஆஜராகலாம். விண்ணப்பத்துக்கு முத்திரைச் செலவும் இல்லை. அப்படியிருக்க வேலை இழந்த ஒருவர் சட்டத்தரணிக்கு ஏன் காசு கொடுக்கணும்?

செக்ரோல்

சரியான கேள்வி. விண்ணப்பம் எழுதத் தேவையில்லைதான். தேவைப்படுவது சாட்சியம் தொடங்கும்போது. நீக்கியதைத் தொழில் வழங்குநர் ஒத்துக்கொண்டால் முதலில் சாட்சி கூட்ட வேண்டியது அவர். அவருடைய முகாமையாளரைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரியாமல் வழக்கு கரைந்து போவதுதான் அடிக்கடி நடப்பது. உள்ளக விசாரணைக் குறிப்புகளை முன்கூட்டியே கேட்டு வாங்காததும் அப்படித்தான்.

பிறகு மேன்முறையீடு. சபையின் கட்டளைக்கு எதிராக 30 நாளுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம், அதுவும் சட்டப் பிரச்சினை மேல்தான். ஆகவே சபையில் பதிவான சாட்சியத்தில் இல்லாததை மேலே போய்ச் சரிப்படுத்த முடியாது. தொழில் வழங்குநர் மேன்முறையீடு செய்தால் கட்டளையிட்ட தொகைக்குப் பிணை கட்டணும். அவர் கட்டினாரா என்று பார்ப்பது உங்கள் முதல் வேலை, பலர் பார்ப்பதே இல்லை.

காசு வரும் வழியும் அங்கேதான். சங்கங்களின் மாவட்ட அலுவலகங்களோடு நல்ல தொடர்பு வைத்தால் சாட்சியக் கட்டத்தில் வழக்கை உங்களிடம் தருவாங்க. கட்டணத்தை விண்ணப்பம், சாட்சியம், எழுத்துமூலச் சமர்ப்பணம் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதிக் கொடுங்க, வாங்கும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் பற்றுச்சீட்டுக் கொடுங்க.

பதில் 4: பண்டாரவளை அக்கா

கொழும்பை முழுக்கத் தள்ளிவிட வேண்டாம் தங்கச்சி. பயிலுநர் காலத்தை இங்கே செய்வதில் எனக்கும் சம்மதம். போர்டிங் வாடகையும் சாப்பாடும் கொடுத்து, சம்பளமில்லாமல் கொழும்புப் புதுக்கடைக் கோர்ட்டுகளில் கோப்பு தூக்குவதில் இப்போ பயனில்லை. ஆனால் சத்தியப்பிரமாணம் எடுத்த பிறகு மாதத்தில் சில நாளாவது மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் வேலை செய்யும் ஒருவரோடு தொடர்பு வைத்துக்கொள்ளுங்க. அடிப்படை உரிமை மனு மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போடணும். தோட்டத்தில் ஒரு சம்பவம் நடந்து, ஆட்கள் கொழும்பில் யாரைத் தேடுவது என்று தெரியாமலே அந்த மாதம் ஓடிவிடுது. வரைவை நீங்களே எழுதி, ஆவணங்களைச் சேர்த்து, சீனியரிடம் ஒப்படைக்கத் தெரிந்தால் இரண்டு பக்கமும் நீங்க தேவைப்படுவீங்க.

கைச்செலவுக்கு மொழிபெயர்ப்பு நல்ல வழி. மூன்று மொழியிலும் சட்ட ஆவணத்தைக் கையாளக்கூடியவர்கள் மலையகத்தில் மிகக் குறைவு. நீதி அமைச்சின் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் நியமனத்துக்கு அறிவித்தல் வரும்போது கட்டாயம் விண்ணப்பியுங்க.

ஒன்றில் மட்டும் கவனம். முகநூலில் “குறைந்த கட்டணத்தில் வழக்கு” என்று போடுவது, பஸ் ஸ்டாண்டிலும் பொலிஸ் வாசலிலும் ஆள் பிடிக்கத் தரகர் வைப்பது, இரண்டும் சட்டத்தரணிகளின் நடத்தை பற்றிய 1988ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற விதிகளுக்கு முரண். வழக்கு இல்லாத மாதங்களில் தரகர்களே உங்களைத் தேடி வருவாங்க. ஒரு தடவை கொடுத்தால் அடுத்த வழக்கின் கட்டணத்தை அவர்தான் நிர்ணயிப்பார், ஏழைக் கட்சிக்காரரின் காசில் பாதி அவர் கைக்குப் போயிடும்.

ஹட்டன் கோர்ட் பக்கம்

பயிலுநர் காலத்துக்கு சீனியரைத் தெரிவு செய்யும்போது பெயரைப் பார்த்து மட்டும் போகாதீங்க. மூன்று நாள் கோர்ட்டில் பின்வாங்கில் உட்கார்ந்து பாருங்க: அவரே எழும்பிப் பேசுறாரா, குற்றம், குடியியல், தொழில் மூன்றும் அவரிடம் இருக்கா, ஜூனியரை நகர்த்தல் பத்திரம் ஆதரிக்க விடுறாரா. பயிலுநர் பதிவுக்குத் தேவையான சேவை வருடங்கள் அவருக்கு உண்டா என்பதைச் சட்டக்கல்லூரியில் முதலே உறுதி செய்யுங்க. தொடங்கும் திகதியை எழுத்தில் வாங்கி, அறிவித்தலைச் சட்டக்கல்லூரிக்கு அன்றே அனுப்புங்க.

சீனியர் விஷயம் சரியாகிவிட்டால், சனிக்கிழமைகளில் செக்ரோல் அண்ணனின் ஆட்களோடு தோட்டத்துக்குப் போய் சேமலாப நிதிப் படிவங்கள் நிரப்ப உதவுங்க. காசு வாங்க வேண்டாம், சட்டத்தரணி என்று சொல்லிக்கொள்ளவும் வேண்டாம், இன்னும் சத்தியப்பிரமாணம் எடுக்கவில்லை.